பெயரை எழுதும் கை

அயர்லாந்தில் கில்மோர் என்ற பெயரில் பல இடங்கள் உள்ளன. ஐரிஷ் மொழியில் 'கில்' என்றால் தேவாலயம், 'கொய்ல்' என்றால் காடு, 'மோர்' பெரியது. ஓரிடத்தில் அப்பெயர் பெரிய தேவாலயத்தைக் குறிக்கும், இன்னோரிடத்தில் பெருங்காட்டை. ஊராரின் நாவில் இவை வெவ்வேறு சொற்கள். ஆங்கில எழுத்துக்கு வந்ததும் இரண்டும் ஒரே 'கில்' ஆகின. தொழுத இடமும் விறகு பொறுக்கிய இடமும் வரைபடத்தில் வேறுபாடின்றிப் போயின.

அப்படியானால் பெயரை எழுதுபவரின் பொறுப்புத்தான் என்ன?

1824இல் பிரித்தானிய அரசு, காணி வரியை ஒழுங்குபடுத்தும் பொருட்டு அயர்லாந்து முழுவதையும் அளக்கத் தொடங்கியது. 60,000க்கும் அதிகமான காணிப் பிரிவுகளுக்குப் பெயர் எழுதவேண்டியிருந்தது. 1830இல் அப்பணியில் சேர்ந்த ஜோன் ஓ'டொனவன் ஐரிஷ் மொழி அறிஞர். ஊரூராகச் சென்று முதியவர்களின் உச்சரிப்பைக் கேட்டார். பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டார். ஐரிஷ் வடிவத்தையும் பொருளையும் குறிப்பேட்டில் எழுதினார். வரைபடத்துக்கோ ஆங்கில எழுத்துக்கு இசைந்த வடிவத்தையே பரிந்துரைத்தார்.

அவர் பெயர்களைக் காத்தவரா, புதைத்தவரா? இரண்டும்தான் என்பேன். 1845இல் உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியது. சில ஆண்டுகளில் சுமார் பத்து இலட்சம் பேர் மடிந்தனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். ஐரிஷ் பேசிய ஏழைக் கிராமங்களே பெரிதும் வெறுமையாகின. பெயருக்குப் பொருள் சொன்ன பலர் இல்லாமற் போயினர், குறிப்பேடு எஞ்சியது. மூலப்பெயர்களைத் தேடுவோர் இன்றும் அதனைப் புரட்டுகின்றனர்.

பொருளை எழுதுவதிலும் சிக்கலுண்டு. ஐரிஷின் சகோதர மொழி, ஸ்கொட்லாந்தின் கேலிக். அங்குள்ள மலைத்தொடரொன்றை ஆங்கிலம் கெயார்ன்கோர்ம்ஸ் என்கிறது. அது அத்தொடரின் ஒரு சிகரத்தின் பெயர். 'நீல மலை' என்று பொருள் சொல்வர். கேலிக் மக்கள் முழுத் தொடரையும் அழைப்பதோ செம்பழுப்பு மலை என்று. அத்தோடு 'கோர்ம்' நீலத்தை மட்டும் சுட்டும் சொல்லன்று. புல்லின் பசுமையையும் அதே சொல்லால் சொல்வார்கள். 'நீலம்' என்று மட்டும் குறித்துக்கொண்டவர் பொய் எழுதவில்லை; ஆனால் அந்த மலையைப் பார்த்த மக்களின் கண்ணை விட்டுவிட்டார்.

வரைபடத்துக்கு ஒரே எழுத்து வேண்டும். கடிதம் சேரவும் வழி தெரியவும் அது அவசியம். பதிவாளருக்கு அந்த அவசரம் ஆகாது. சொன்னவர் எப்படி உச்சரித்தார், எங்கு நின்று சொன்னார், அடுத்த வீட்டார் வேறு பொருள் கூறினாரா என்பவற்றை அவர் அருகருகே எழுதிவைக்கவேண்டும்; ஐயமிருந்தால் ஐயத்தையும் எழுதவேண்டும். பெயர் அவரிடம் வந்த அமானிதம். அதைத் திருத்தி அழகாக்க அவருக்கு உரிமையில்லை.

கில்மோரில் முன்பு நின்றது காடா, தேவாலயமா என்று ஒரு பிள்ளை கேட்கும் நாளில், அச்சிட்ட வரைபடம் வாய் திறக்காது. எவரோ ஓரத்தில் எழுதிவைத்த ஒரு வரிதான் பதில் சொல்லும்.