தொழில் நீங்கிய பொருள்

ஒரு பொருள் தன் தொழிலிலிருந்து பிரிக்கப்பட்ட பின்னும் அதே பொருளாக நீடிக்கிறதா என்னும் கேள்வி, கடலோர விடுதிகளைப் புதுப்பிப்போர் துடுப்பையும் வலையையும் சுவரலங்காரமாக மாட்டும் இக்காலத்தில் மீண்டும் எழுகிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்த தருக்க அறிஞர் தர்மகீர்த்தி, மெய்யாக உள்ளது எது என்பதற்கு அர்த்தக்கிரியையை, அதாவது பயன் விளைக்கும் ஆற்றலை, அளவுகோலாக வைத்தார். டேனியர் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்ற தரங்கம்பாடியில், கடலைப் பார்த்து நிற்கும் பழைய ஆட்சியர் மாளிகையை நீம்ரானா குழுமம் விடுதியாக்கியபோது, அறைகளுக்கு டேனியக் கப்பல்களின் பெயர்களைச் சூட்டியது. அப்பெயர்கள் எவரையும் கடல் கடத்துவதில்லை எனினும் வரலாற்றை நினைவூட்டுகின்றன. ஆகவே அந்த அளவுகோலின்படியும் அவற்றைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது.

கட்டுமரத்தின் நிலை வேறு. எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் இறக்கும் மீனவர், கரை திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, நீர் ஊறிய மரங்களைத் தனித்தனியே மணலில் உலரவிடுவது வழக்கம் என்பதால், அது கட்டுமரமாக இருப்பதே கடலுக்குப் போகும் பொழுதுகளில்தான். பிணைப்பு அவிழாமல் ஆண்டுக்கணக்கில் வரவேற்பறையில் கிடப்பது, மரமும் கயிறும் மாறாதிருந்தாலும், அதன் வாழ்வில் ஒருபோதும் இல்லாத ஒரு நிலையாகும்.

பயன் மாறுவதே குற்றம் என்று இதற்குப் பொருளில்லை. புயலில் உயிர் தப்பிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் கப்பலில் கொண்டுவந்த சீனப் பீங்கான் தட்டுகளை வேளாங்கண்ணி மாதாவின் பீடத்தில் பதித்தனர் என்பது அத்தலத்து மரபு. அங்கே உடையவரே தம் பொருளை நன்றியோடு கொடுத்தார் என்பதுதான் முக்கியம். கொடுத்தவருக்கும் பொருளுக்கும் இருந்த உறவு அறுபடவில்லை.

புதுப்பித்தலைப் பற்றி மிகக் கவனமாகச் சிந்தித்தவை சைவ ஆகமங்களே எனலாம். சீரணோத்தாரணம் எனப்படும் திருப்பணி தொடங்குமுன், மூர்த்தத்தில் விளங்கும் தெய்வ ஆற்றலைக் கும்பநீருக்கு வரவழைக்கும் கலாகர்ஷணம் செய்து, பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னிதியில் எழுந்தருளுவித்து, பணி முடிந்ததும் குடமுழுக்கில் மீண்டும் சேர்க்க வேண்டும் என்பது விதி. கல்லைத் தொடுமுன் உள்ளே வாழ்வதற்கு இடம் தேடும் அந்த ஒழுங்கு, கோயிலுக்கு வெளியிலும் பின்பற்றத்தக்கது.

எண்ணூரில் இவ்வொழுங்கு முற்றிலும் தலைகீழாயிற்று. கொசத்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2017 சனவரி 28-இல் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம் போன்ற ஊர்களின் வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியது. அங்கே வலை தொழில் இழப்பது பழமையால் அன்று, நீர் கெட்டதால். அத்தகைய வலையை வாங்கி அழகுக்காக விரிப்பவர், இழப்பைக் கண்ணுக்கு மறைத்துவிட்டு அதன் எச்சத்தை மட்டும் நுகர்கிறார்.

ஆகவே கடலோரத்தில் விடுதி எழுப்புவோருக்கும் புதுப்பிப்போருக்கும் முதற்கடன், படகு ஏற்றும் கரையையும் வலை உலர்த்தும் மணலையும் தங்கள் வேலிக்குள் அடைக்காமல் விட்டுவைப்பதே. அதைச் செய்ய மனமில்லாதவர்கள் மீனவரின் கருவிகளைச் சுவரில் மாட்டாதிருக்க வேண்டும்.