தகுதி வேறு, மதிப்பு வேறு

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கொல்கத்தாவிலுள்ள ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சிலர் உண்ணாவிரதம் இருந்தார்கள். தேர்வை ரத்து செய்யச் சொல்லியும், தள்ளி வைக்கச் சொல்லியும் மாணவர்கள் போராடுவதை நாடு பலமுறை பார்த்திருக்கிறது. இந்த மாணவர்கள் கேட்டதோ, நுழைவுத் தேர்வு வேண்டும் என்பதை!

ஆங்கிலம், வங்காளம், ஒப்பிலக்கியம், வரலாறு, தத்துவம், அரசியல் அறிவியல் ஆகிய ஆறு துறைகளில் இளங்கலை வகுப்புக்கு நுழைவுத் தேர்வு தேவையில்லை, பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்ணே போதும் என்று ஜூலை 4-ஆம் தேதி பல்கலைக்கழகத்தின் செயற்குழு முடிவு செய்தது. சில துறைகளுக்கு மட்டும் தனித் தேர்வு எதற்கு என்ற கேள்வி அதன் பின்னால் இருந்தது. மாணவர்களும் ஆசிரியர்களில் பலரும் இதை ஏற்கவில்லை. வெவ்வேறு கல்வி வாரியங்கள் தரும் மதிப்பெண்களை ஒரே தராசில் எப்படி வைப்பது? இலக்கியத்தையோ தத்துவத்தையோ கற்கத் துடிக்கும் ஒருவனை, அவன் மனப்பாடம் செய்து பெற்ற எண் எப்படி அடையாளம் காட்டும்? இவை அவர்கள் எழுப்பிய கேள்விகள். ஜூலை 10-ஆம் தேதி செயற்குழு தன் முடிவை மாற்றிக்கொண்டது. நுழைவுத் தேர்வுக்குப் பாதி, பள்ளி மதிப்பெண்ணுக்குப் பாதி என்று ஏற்பாடாயிற்று.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று தமிழகத்தில் உண்டு. 1984-இல் தொழிற்கல்விக்காகக் கொண்டுவரப்பட்ட நுழைவுத் தேர்வைத் தமிழக அரசு 2007-இல் சட்டத்தின் மூலம் நீக்கியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு நகரத்துப் பயிற்சி வகுப்புகள் எட்டாதவை. ஆகவே அந்தத் தேர்வு அவர்களுக்கு அநீதி இழைக்கிறது என்பது காரணம்.

ஓரிடத்தில் நீதியின் பெயரால் தேர்வு வேண்டும் என்கிறார்கள். இன்னோரிடத்தில் அதே நீதியின் பெயரால் தேர்வு வேண்டாம் என்கிறார்கள். இருவரில் யார் சொல்வது சரி?

வாயிலின் வரலாறு

இந்தியாவில் நுழைவுத் தேர்வின் கதை கொல்கத்தாவில்தான் தொடங்குகிறது. 1857 ஜனவரி 24-ஆம் தேதி கல்கத்தா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அது, பல பத்தாண்டுகள் வரை தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. கற்பிக்கும் பணி கல்லூரிகளுடையது. அந்த ஆண்டு மார்ச் மாதம் நகர மண்டபத்தில் நடந்த முதல் நுழைவுத் தேர்வை 244 பேர் எழுதினார்கள். ஆக, நம் நாட்டின் நவீனப் பல்கலைக்கழகம் பாடம் சொல்லித் தரும் முன்பே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு பி.ஏ. பட்டம் பெற்ற இருவரில் ஒருவர், பின்னாளில் பெரும் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற பங்கிம் சந்திர சட்டோபாத்யாயர். மற்றவர் ஜதுநாத் போஸ். இருவருமே ஒரு தாளில் சில மதிப்பெண்கள் குறைந்ததால் கருணை மதிப்பெண் பெற்றுத் தேறியவர்கள். அன்று தேர்வாளர்கள் விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியிருந்தால் முதல் பட்டதாரிகள் என்ற பெயர் இவர்களுக்குக் கிடைத்திருக்காது. ஆனாலும் வங்க இலக்கியத்தில் பங்கிமரின் இடம் குறைந்திருக்குமா?

அதே வாயிலில் இன்னொரு நிகழ்ச்சி. 1876-இல் சந்திரமுகி பாசு என்ற மாணவி டேராடூனிலிருந்து நுழைவுத் தேர்வை எழுதினார். தேறும் அளவுக்கு எழுதியிருந்தும் அவரது பெயர் தேறியோர் பட்டியலில் இடம்பெறவில்லை. காரணம், அவர் பெண். பல்கலைக்கழகம் தன் விதிகளை மாற்றிய பிறகு 1878-இல் காதம்பினி பாசு நுழைவுத் தேர்வில் தேறினார். 1883-ஆம் ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில் இருவரும் பி.ஏ. பட்டம் பெற்றார்கள். காதம்பினி பின்னர் மருத்துவரானார்.

விடைத்தாளுக்கு முகம் கிடையாது. அதை எழுதியவர் ஆணா, பெண்ணா, எந்தக் குலம், எந்த ஊர் என்று அது சொல்வதில்லை. தேர்வின் மிகப் பெரிய நற்குணம் இது. பிறப்பும் சிபாரிசும் கதவைக் காத்து நின்ற ஒரு சமுதாயத்தில், முகம் பாராத தேர்வு ஒரு விடுதலையாகவே வந்தது. சந்திரமுகிக்கு அநீதி செய்தது தேர்வு அன்று. தேர்வு சொன்னதை ஏற்க மறுத்த மனிதர்கள்.

ஆனால் இதே குணத்தில் ஒரு குறையும் ஒளிந்திருக்கிறது. தேர்வு மாணவனின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவன் தேர்வுக் கூடத்துக்கு வந்து சேர்ந்த பாதையையும் பார்ப்பதில்லை. மேற்கு வங்கத்தின் கிராமப்புறங்களில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களில் ஏறத்தாழ 74 சதவீதம் பேர் பணம் கட்டி டியூஷன் படிப்பதாக 2022-ஆம் ஆண்டின் ‘அசர்’ கல்வி ஆய்வறிக்கை கூறியது. கட்ட முடிந்தவனும் முடியாதவனும் ஒரே வினாத்தாளின் முன் அமர்கிறார்கள். தமிழகம் 2007-இல் கண்டது இந்தக் குறையை. ஜாதவ்பூர் மாணவர்கள் 2018-இல் கண்டது அந்த நிறையை. இருவரும் ஒரே பொருளின் இரு பக்கங்களைப் பார்த்தவர்கள்.

அதிகாரி யார்?

இன்று ‘அதிகாரி’ என்றால் பதவியில் இருப்பவர் என்று பொருள். நம் தத்துவ நூல்களில் இச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. ஒரு நூலைக் கற்பதற்கு ஆயத்தமாக இருப்பவனே அதன் அதிகாரி. நூல் எதைப் பற்றியது, அதனால் என்ன பயன் என்று சொல்வதோடு, அது யாருக்கு உரியது என்றும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது மரபு. கற்கும் வேட்கை, மன ஒருமை, பொறுமை, சிரத்தை ஆகியவற்றைக் கொண்டே இந்தத் தகுதி பேசப்பட்டது. இந்தக் கருத்து பிறப்பின் பெயரால் கதவை அடைக்கவும் பயன்படுத்தப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அது கருத்தைத் திரித்ததால் வந்த தீமை.

இந்தப் பொருளில் அதிகாரி என்பது ஒரு மனிதனைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. இன்ன கல்விக்கு, இன்ன வேளையில், இவன் ஆயத்தமா என்ற கேள்விக்கான விடை மட்டுமே அது. இன்று ஆயத்தமாகாதவன் நாளை ஆகலாம். இதற்கு ஆகாதவன் வேறொன்றுக்கு ஆகலாம்.

நுழைவுத் தேர்வுக்கு உள்ள தார்மிக உரிமை இவ்வளவுதான். ‘இந்தக் கல்விக்கு நீ ஆயத்தமா?’ என்று அது கேட்கலாம். ‘உன் மதிப்பு என்ன?’ என்று கேட்க அதற்கு உரிமை இல்லை. தகுதி கூடும், குறையும், ஒப்பிடப்படும். மதிப்பு அப்படிப்பட்டதன்று. விலை உள்ள பொருளுக்குப் பதிலாக அதற்கு ஈடான வேறொன்றை வைக்கலாம். மனிதனுக்கு இருப்பது விலை அன்று, ஈடு வைக்க முடியாத மாண்பு என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

தமிழில் ‘மதிப்பெண்’ என்கிறோம். மதிப்பும் எண்ணும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேச்சு வழக்கில் ஒட்டியிருப்பதால் கேடில்லை. பெற்றோரின் மனத்தில் ஒட்டிவிட்டால் பிள்ளைக்குத் துன்பம். பிள்ளையின் மனத்திலேயே ஒட்டிவிட்டால் ஆபத்து. தேர்வு முடிவு வரும் நாட்களில் சில இளம் உயிர்கள் தம்மையே மாய்த்துக்கொள்வது இடம் கிடைக்காததால் மட்டுமன்று. தாம் எதற்கும் உரியவர் அல்லர் என்று அந்த எண் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக நம்புவதாலும்தான்.

பள்ளியில் கல்லூரிப் பாடம்

பள்ளி மாணவனுக்குக் கல்லூரிப் பாடத்தை முன்கூட்டியே கற்பிப்பது சரியா என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்தது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையிலான எல்லைக்கோடு என்றும் ஒரே இடத்தில் நின்றதில்லை. ஒரு காலத்தில் எஃப்.ஏ., பின்னர் இன்டர்மீடியட் என்று கல்லூரியின் முதலிரண்டு ஆண்டுகளாக இருந்த படிப்பைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்துத் தனி நிலையாக்கலாம் என்று மைக்கேல் சாட்லர் தலைமையிலான கல்கத்தா பல்கலைக்கழகக் குழு 1919-இல் பரிந்துரைத்தது. இன்றைய பிளஸ் டூ அந்த வழியில் வந்தது. அமெரிக்காவிலும் 1950-களிலிருந்து, விரும்பும் பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரப் பாடங்களைப் பயிலும் ஏற்பாடு உண்டு. ஆகவே முன்கூட்டிக் கற்பதில் தவறேதும் இல்லை. எதற்காகக் கற்கிறோம் என்பதே கேள்வி.

கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்த சீனிவாச ராமானுஜனின் கைக்கு 1903-இல் ஒரு நூல் வந்தது. லண்டனில் மாணவர்களைத் தேர்வுகளுக்குத் தயார் செய்த ஜார்ஜ் கார் என்ற தனிப்பயிற்சி ஆசிரியர் தொகுத்தது அது. ஆயிரக்கணக்கான கணித முடிவுகள் வரிசையாக இருக்கும். நிரூபணங்கள் மிகச் சுருக்கமாகவே இருக்கும். இன்றைய மொழியில் சொன்னால், ஏறக்குறைய ஒரு ‘கோச்சிங் கைடு’. தேர்வுக்காகப் படித்திருந்தால் அவர் அந்த முடிவுகளை மனப்பாடம் செய்திருப்பார். அவரோ ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். பயிற்சி ஆசிரியரின் கையேடு ஒரு மேதையின் குருவாயிற்று.

அதே ராமானுஜன் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை, மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. தேர்வு பொய் சொல்லவில்லை: அந்தப் பாடத்திட்டத்துக்கு அவர் அதிகாரி அல்லர். அதையே அவரது மதிப்பு என்று உலகம் எடுத்துக்கொண்டிருந்தால் பேரிழப்பு நேர்ந்திருக்கும். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. தன் அளவுகோலுக்கு எல்லை உண்டு என்பதை உணர்ந்த ஒரு நிறுவனத்தின் செயல் அது.

கொல்கத்தா இந்து பள்ளியில் படித்த சத்யேந்திர நாத் போஸுக்குக் கணித ஆசிரியர் ஒருவர் நூற்றுக்கு நூற்றுப்பத்து அளித்ததாக அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. சில கணக்குகளை அவர் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் போட்டிருந்தாராம். எண்ணுக்குள் மாணவனை அடைக்க முடியாது என்பதை அந்த ஆசிரியர் எண்ணைக் கொண்டே சொல்லிவிட்டார்.

இன்றோ எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே பயிற்சி மையங்களில் கல்லூரிக் கணிதத்தின் சூத்திரங்கள் கற்பிக்கப்படுகின்றன. ஏன் என்று கேட்க நேரம் தரப்படுவதில்லை. எந்தக் கேள்விக்கு எந்தச் சூத்திரம் என்பதே பாடம். ரவீந்திரநாத் தாகூர் 1918-இல் ஒரு கிளியின் கதையை எழுதினார். கிளிக்குக் கல்வி புகட்ட மன்னன் ஆணையிடுகிறான். பொற்கூண்டு வருகிறது, ஏடுகள் மலைபோல் குவிகின்றன, மேற்பார்வையாளர்கள் செழிக்கிறார்கள். ஏட்டுத் தாள்கள் வாயில் திணிக்கப்பட்ட கிளி மட்டும் இறந்துபோகிறது. ராமானுஜனுக்குக் கிடைத்ததும் ஏடுதான், கிளிக்குக் கிடைத்ததும் ஏடுதான். ஒருவருக்குப் பசி இருந்தது; மற்றதற்குத் திணிப்பு மட்டுமே இருந்தது.

செய்யக்கூடியது

இடங்கள் குறைவு, வருவோர் அதிகம். வடிகட்டாமல் எப்படி முடியும் என்று கேட்கலாம். வடிகட்டத்தான் வேண்டும். அப்போதும் நேர்மை தேவை. இடம் கிடைக்காதவனிடம் ‘இங்கே இருந்த இடங்கள் தீர்ந்துவிட்டன’ என்று சொல்வது உண்மை. ‘நீ போதாதவன்’ என்று சொல்வது பொய்.

கேள்வி தயாரிப்பவர்கள் மனப்பாடத்தைத் தாண்டிச் சிந்தனையைக் கேட்க முடியும். கொல்கத்தாவில் 1931-இல் தொடங்கப்பட்ட இந்தியப் புள்ளியியல் கழகத்தின் இளநிலை நுழைவுத் தேர்வு பள்ளிப் பாடத்தின் எல்லைக்குள் நின்றே மாணவனை யோசித்து விடை எழுத வைத்தது. அரசுகள் மாணவன் வந்த பாதையையும் கணக்கில் எடுக்க முடியும்; அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்று தமிழகம் 2020-இல் செய்தது அத்தகைய முயற்சி.

பெற்றோருக்கும் ஒரு பங்கு உண்டு. பயிற்சி வகுப்பில் சேர்க்கும் முன், தேர்வே இல்லாவிட்டாலும் இந்தப் பாடத்தை நீ படிப்பாயா என்று பிள்ளையிடம் ஒருமுறை கேட்கலாம். படிப்பேன் என்றால், எவ்வளவு உயர்ந்த பாடமானாலும் தடையின்றிக் கொடுக்கலாம். விடை மௌனமானால், அந்த மௌனத்தை மதிக்க வேண்டும். முடிவு வெளியாகும் நாளில், எண்ணைக் கேட்கும் முன் சாப்பிட்டாயா என்று கேட்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தகுதி வேறு, மதிப்பு வேறு என்பதை யாரும் விளக்க வேண்டியிராது.