அயலவர் எவர்?

மனிதர் கூடிவாழும் ஓர் ஊரை நல்லூர் என்று நாம் எதனைக் கொண்டு தீர்மானிக்கிறோம்? அதன் வீதிகளின் துப்புரவைக் கொண்டா, அங்கு வளரும் குழந்தைகளின் உடல்நலத்தைக் கொண்டா, குடியிருப்போர் ஒருவர்க்கொருவர் துணையாய் நிற்கும் பண்பைக் கொண்டா? இவை யாவும் வேண்டியனவே. ஆயின், இவை யாவும் ஒருங்கே அமைந்த ஓர் ஊர், வெகு தொலைவில் வாழும் வேறு மனிதரின் அடிமை உழைப்பினால் தாங்கப்படுகின்றதெனின், அதனை நல்லூர் என்று சொல்லுதல் தகுமா? இவ்வினா வெறுங் கற்பனையன்று. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகர மையத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ நான்கு மைல் தொலைவில் உள்ள போர்ன்வில் என்னும் புறநகர்க் கிராமத்தின் வரலாறு இதனை நம் முன் வைக்கின்றது.

கைத்தொழிற் புரட்சி பெற்றெடுத்த நகரங்களுள் பேர்மிங்ஹாம் முதன்மையானவற்றுள் ஒன்று. அங்கே தொழிலாளர் வாழ்ந்த வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டவை. பின்கதவோ பின்சாளரமோ இல்லாதவை. ஒரு முற்றத்தைச் சூழ்ந்த பல குடும்பங்களுக்குச் சில மலகூடங்களே பொதுவாக இருந்தன. 1913ஆம் ஆண்டிலும் இத்தகைய வீடுகள் 43,000க்கு மேல் இருந்தன. ஏறத்தாழ 200,000 மக்கள் அவற்றுள் வாழ்ந்தனர். இந்தப் பின்னணியை மறந்து போர்ன்விலை மதிப்பிட முயல்வது நேர்மையாகாது.

குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த றிச்சட் கட்பரி, ஜோர்ஜ் கட்பரி என்னும் சகோதரர் தமது கொக்கோத் தொழிற்சாலையை 1879இல் நகர நடுவிலிருந்து வயல்வெளிக்கு மாற்றினர். 1893இல் ஜோர்ஜ் கட்பரி அருகே 120 ஏக்கர் நிலத்தை வாங்கினார். 1895இல் வீடு கட்டும் வேலை தொடங்கிற்று. வில்லியம் அலெக்சாண்டர் ஹார்வி என்னும் இளங் கட்டடக் கலைஞர் அவ்வீடுகளுக்கு வடிவம் கொடுத்தார். வீடு தன் நிலத்தில் காற்பங்குக்கு மேல் அடைக்கலாகாது என்பதும், மொத்த நிலத்திற் பத்தில் ஒரு பங்கு பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் ஒதுக்கப்படல் வேண்டும் என்பதும் அங்கு விதிகளாயின. குடிபுகுவோருக்காகத் தோட்டம் கொத்தப்பட்டு, பழமரங்கள் முன்னதாகவே நடப்பட்டிருந்தன. கட்பரி தொழிலாளர்க்கு மட்டுமே உரியதாகவும் இக்கிராமம் அமையவில்லை. வேறு தொழில் புரிவோரும் அங்கு குடியிருந்தனர்.

தொடக்கத்திலே சில வீடுகள் 999 ஆண்டுக் குத்தகைக்கு விற்கப்பட்டன. வாங்கியோருட் சிலர் அவற்றை இலாபத்துக்குக் கைமாற்றத் தலைப்பட்டனர். நல்லெண்ணத்தோடு கட்டப்பட்ட வீடும் சந்தைக்கு வந்தவுடன் சரக்காகிவிடுகின்றது என்னும் உண்மையை ஜோர்ஜ் கட்பரி விரைவிற் கண்டுகொண்டார். 1900இல், 330 ஏக்கர் நிலத்தையும் அதிலிருந்த 313 வீடுகளையும் அவர் தம் உடைமையினின்று நீக்கி, போர்ன்வில் கிராம நம்பிக்கைப் பொறுப்பு என்னும் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். வாடகை வருமானம் எவருடைய பைக்கும் போகாது, மேலும் வீடுகள் கட்டுவதற்கும் கிராமத்தைப் பேணுவதற்குமே செலவாகவேண்டும் என்பது ஏற்பாடு. தன் மனச்சாட்சியை மட்டும் நம்பாது உடைமை உறவையே மாற்றிய இச்செயல், சாதாரண தருமத்தினும் மேம்பட்டது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவ்வாறு எழுந்த ஊரில் ஒரு கூட்டுவாழ்வும் முளைத்தது. நடுவே பசும்புற்றிடல், அதைச் சூழப் பாடசாலை, குவேக்கர் வழிபாட்டு மண்டபம், கடைகள். பாடசாலைக் கோபுரத்தில் 1906இல் இசைமணிகள் ஏற்றப்பட்டன. ஆண்டுதோறும் சிறுவர் வண்ணநாடாக் கம்பத்தைச் சுற்றி ஆடும் விழா நடைபெறலாயிற்று. குடியிருப்போரால் தெரிவுசெய்யப்பட்ட கிராம சபை மலர்க்காட்சிகளை நடத்தியது. 1906இல் குடியிருப்போர் தாமே பங்குதாரராகச் சேர்ந்து அமைத்த கூட்டுறவுச் சங்கமொன்று நம்பிக்கைப் பொறுப்பிடம் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றுத் தமக்கான வீடுகளைக் கட்டிக்கொண்டது. போர்ன்வில் குழந்தைகளின் இறப்பு வீதம் நகரத்திலும் குறைந்திருந்தது. நகரச் சேரிச் சிறுவரோடு அளந்து பார்த்தபோது, அதே வயதுடைய போர்ன்விற் சிறுவர் உயரத்திலும் நிறையிலும் மிஞ்சி நின்றனர். உடலின் வளர்ச்சியும் வர்க்கத்தால் நிர்ணயிக்கப்படுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

எனினும், கொடுப்பவன் கொடுக்கும்போது தன் விருப்பத்தையும் சேர்த்தே கொடுக்கிறான். கிராமத்தில் மதுச்சாலைக்கு இடமில்லை. உடல்நலம் பேணும் வழிகள் பற்றிய அறிவுரைகள் வீடுதோறும் வழங்கப்பட்டன. நம்பிக்கைப் பொறுப்பின் முதற் பொறுப்பாளர் கட்பரி குடும்பத்தினரே. தொழிற்சாலையில் வேலைபார்த்த பெண் மணம் முடித்தால் வேலையை விட்டு விலகவேண்டும். விலகிச் செல்லும்போது அவளுக்கு ஒரு விவிலிய நூலும் ஒரு மலரும் பரிசாகக் கிடைக்கும். பரிசு அன்பானதுதான், ஆனால் அவள் வேலையைத் தொடர விரும்புகிறாளா என்று எவரும் கேட்கவில்லை.

வள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமும், அதனையடுத்து ஈகை என வேறோர் அதிகாரமும் வகுத்தமை இங்கு நம் சிந்தனைக்குரியது. ஈகையிலே கொடுப்பவனும் பெறுபவனும் இரு வேறு தளங்களில் நிற்கின்றனர். ஒப்புரவு என்னும் சொல்லிலோ 'ஒப்பு' இருக்கின்றது. உலகத்தோடு ஒத்து, எல்லார்க்கும் பொதுவாக வாழும் கடமை இருக்கின்றது. போர்ன்விலின் வரலாறு ஈகைக்கும் ஒப்புரவுக்கும் இடையே ஊசலாடும் வரலாறு எனலாம். முதலாளி நட்டுக்கொடுத்த பழமரம் ஈகை. குடியிருப்போர் கூடிக் கட்டிய கூட்டுறவு வீடு ஒப்புரவு. ஒரே மண்ணில் இரண்டும் நின்றன.

இனி, கடலுக்கு அப்பால் நோக்குவோம். போர்ன்விலின் தொழிற்சாலை கொக்கோவினால் இயங்கியது. கொக்கோ இங்கிலாந்தில் விளைவதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்பரி கம்பனி வாங்கிய கொக்கோவில் ஏறத்தாழப் பாதி, கினி வளைகுடாவிலுள்ள போர்த்துக்கேயத் தீவாகிய சாந்தோமேயிலிருந்து வந்தது. போர்த்துக்கேய ஆட்சியில் அடிமைமுறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அங்கோலாவின் உள்நாட்டிலிருந்து ஆபிரிக்கர் பிடிக்கப்பட்டும் விலைக்கு வாங்கப்பட்டும் ஐந்தாண்டு ஒப்பந்தக்காரர் என்னும் பெயரில் அத்தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். சென்றவர் திரும்பவில்லை. அடிமை என்ற சொல் ஒழிந்தது, அடிமை ஒழியவில்லை.

1901இல் கம்பனியின் இயக்குநருள் ஒருவராகிய வில்லியம் கட்பரி இதுபற்றிக் கேள்வியுற்றார். அதே ஆண்டில் விற்பனைக்கு வந்த ஒரு சாந்தோமேத் தோட்டத்தின் சொத்துப் பட்டியலிலே தொழிலாளரும் விலையிட்டுச் சேர்க்கப்பட்டிருந்தனர். 1903இல் அவர் லிஸ்பன் சென்று முறையிட்டார். 1905இல் ஜோசப் பேர்ட் என்பவர் கம்பனியின் சார்பில் விசாரணைக்கு அனுப்பப்பட்டார். இதற்கிடையே ஹென்றி நெவின்சன் என்னும் பத்திரிகையாளர் தாமே அங்கோலாவுக்கும் தீவுக்கும் சென்று, கண்டவற்றை 1906இல் நூலாக வெளியிட்டுவிட்டார். பிரித்தானிய வெளிநாட்டமைச்சு பொறுமை காக்குமாறு கூறிற்று. திரான்ஸ்வால் சுரங்கங்களுக்கு மொசாம்பிக்கிலிருந்து கூலியாட்களைப் பெறுவதற்குப் போர்த்துக்கேயரின் தயவு அதற்குத் தேவைப்பட்டது. 1909 மார்ச் மாதத்திலேதான் கட்பரி கம்பனி சாந்தோமேக் கொக்கோவை வாங்குவதில்லை என அறிவித்தது. இடையில் எட்டு ஆண்டுகள் கழிந்தன.

இந்த எட்டு ஆண்டுகளே நமது வினாவின் இதயம். வாங்குவதை நிறுத்திவிட்டால் தோட்டக்காரர் மீது நமக்குள்ள செல்வாக்கு அற்றுப்போகும். ஆகவே வாங்கிக்கொண்டே சீர்திருத்தத்துக்கு முயல்வோம் என்பது அவர்கள் வாதம். இது பொய்யரின் வாதமன்று. அதனாலேதான் அது ஆபத்தானது. அநீதியிற் பயன்பெறுவோன் அதனைத் திருத்தும் காலத்தையும் தானே நிர்ணயிக்கும்போது, அவன் நல்லவனாயிருப்பினும் அவனுடைய காலக்கணக்கு வேறு; அடிமையின் காலக்கணக்கு வேறு. போர்ன்வில் அலுவலகத்தில் ஓர் ஆண்டு என்பது சில கடிதங்களும் ஓர் அறிக்கையும். சாந்தோமேயில் ஓர் ஆண்டு என்பது பலருக்கு எஞ்சியிருந்த வாழ்நாள் முழுவதும்.

1908 செப்டெம்பரில் 'ஸ்ராண்டட்' என்னும் பழைமைவாதப் பத்திரிகை, போர்ன்விற் தொழிலாளர்மீது காட்டும் பரிவையும் தீவின் அடிமைகள் விடயத்தில் நிலவிய மௌனத்தையும் அருகருகே வைத்துத் தாக்கி எழுதிற்று. கம்பனி மானநஷ்ட வழக்குத் தொடுத்தது. 1909 டிசெம்பரில் முடிவுற்ற அவ்வழக்கில், 1901 முதல் 1908 வரை உங்கள் கொக்கோவுக்காக மாண்ட அடிமைகளின் தொகையைக் கணித்ததுண்டா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வேர்ட் கார்சன் வினவினார். இல்லை என்பதே வில்லியம் கட்பரியின் விடை. யூரர் கம்பனியின் பக்கமே தீர்ப்பளித்தனர். ஆனால் நட்டஈடாக அவர்கள் விதித்தது ஒரு பார்திங், அதாவது காற் பென்னி. சட்டத்தில் வென்றவர்களுக்கு அறத்தின் பெயரால் அளிக்கப்பட்ட அந்தச் சிறு நாணயத்தைப் போன்ற கடுமையான தீர்ப்பு அரிது.

இதனைக் கொண்டு நாம் இரு எளிய முடிவுகளுக்குத் தாவக்கூடும். போர்ன்வில் ஒரு முகமூடி, மனிதாபிமானம் என்பதே முதலாளியின் விளம்பரம் என்பது ஒன்று. சில குறைகள் இருந்தாலென்ன, எத்துணை நன்மை விளைந்தது என்பது மற்றொன்று. முதலாவது, அக்கிராமத்தில் நலத்தோடு வளர்ந்த தொழிலாளியின் பிள்ளையை மறந்துவிடுகிறது. இரண்டாவது, அங்கோலாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவனின் பிள்ளையை மறந்துவிடுகிறது. மேலும், கம்பனியைத் தாக்கிய பத்திரிகைக்கு அடிமைகளின் விடுதலையே நோக்கமாயிருந்ததென்று கருதுவதும் பேதைமை. ஜோர்ஜ் கட்பரியின் 'டெய்லி நியூஸ்' தென்னாபிரிக்கச் சுரங்கங்களிற் சீனக் கூலிகள் நடத்தப்பட்ட முறையைக் கண்டித்த தாராண்மைவாதப் பத்திரிகை. அரசியற் பகை அங்கே வேலை செய்தது. எனினும், பகைவன் வாயிலிருந்து வந்ததால் உண்மை பொய்யாகிவிடாது.

நாம் கொள்ளக்கூடிய முடிவு வேறு. கண்ணுக்குத் தெரிபவனே அயலவன் என்னும் அறம் கிராமத்துக்குப் போதுமானதாக இருந்த காலம் ஒன்று இருந்திருக்கலாம். உலகச் சந்தை தோன்றிய பின் அது போதாது. நம் கைக்கு வரும் பொருளை எவன் விளைவித்தானோ அவனும் நம் அயலவனே. உழைப்பின் தொடர் எதுவரை நீள்கின்றதோ அதுவரை ஊரின் எல்லையும் நீள்கின்றது. குரோட்டன் வேலியோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை.

சாந்தோமேயைக் கைவிட்ட பின், கம்பனி பொற்கரையின் சிறு விவசாயிகளிடம் கொக்கோ வாங்கிற்று. அங்கே அடிமைகள் இல்லை. ஆயினும் 1937இல் ஐரோப்பியக் கம்பனிகள் கொள்விலை தொடர்பாகத் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டபோது கட்பரியும் அதிற் பங்குகொண்டது. பொற்கரை விவசாயிகள் அடுத்த ஆண்டுவரை விற்பனையை நிறுத்தி எதிர்த்து நின்றனர். எவரும் அவர்களுக்குப் பழமரம் நட்டுக்கொடுக்கவில்லை; அவர்கள் தம் உரிமையைத் தாமே கேட்டனர். ஈகையின் எல்லை எங்கே முடிகின்றதோ அங்கே போராட்டம் தொடங்குகின்றது.

2010இல் கட்பரி கம்பனி அமெரிக்காவின் கிராஃப்ட் கம்பனிக்குக் கைமாறிற்று. தொழிற்சாலை விலைபோயிற்று, கிராமம் விலைபோகவில்லை. 1900இலேயே அது தனியுடைமையினின்று நீக்கப்பட்டிருந்தமையே காரணம். ஒருவருடைய நல்லெண்ணம் அவரோடு மறையலாம். பொதுவாக்கப்பட்ட உடைமையோ அவருக்குப் பின்னும் நிற்கும். போர்ன்வில் உலகுக்குத் தரும் பாடம் இதுவே. ஆனால் கொக்கோ விளையும் நிலத்துக்கு அப்பாடம் இன்னும் போய்ச் சேரவில்லை. கானாவிலும் ஐவரிகோஸ்டிலும் கொக்கோத் தோட்டங்களிற் சிறுவர் தொழிலில் ஈடுபட்டிருந்தோர் ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் என 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

அந்தச் சிறுவரின் உயரத்தையும் நிறையையும் போர்ன்விற் பாடசாலைச் சிறுவரோடு அளந்து பார்த்தவர் யார்? ஓர் ஊரின் நன்மையை மதிப்பிட விரும்பும் எவரும் அளவுகோலை அங்கும் கொண்டுபோக வேண்டும்.