நம்பாதவர் எழுதிய கெத்சமனி



மாலையில் செபமாலைக்குக் குடும்பமே முழந்தாளிடும்போது, வளர்ந்த மகனோ மகளோ அடுத்த அறையிலேயே இருந்துவிடுகிற வீடுகள் நம்மிடையே உண்டு. "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லம்மா" என்று பிள்ளை சொன்ன நாளிலிருந்து தாயின் நெஞ்சில் ஒரு பாரம். அந்தத் தாய்மாரை நினைத்தே, நம்பாத ஒருவர் எழுதிய கதையை இன்று சொல்கிறேன்.

1990களில் அமெரிக்காவில் 'பாபிலோன் 5' என்றொரு அறிவியல் புனைவுத் தொடர் தொலைக்காட்சியில் வந்தது. கதை நடப்பது 23ஆம் நூற்றாண்டில், ஒரு விண்வெளி நிலையத்தில். அதைப் படைத்தவர் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பதை அவர் மறைத்ததில்லை. ஆனாலும் எதிர்காலத்தில் சமயங்கள் அழிந்துவிடும் என்று அவர் கதை எழுதவில்லை. தொடக்கக் கதை ஒன்றில், பூமியின் நம்பிக்கைகளை வேற்றுக்கிரகத்தாருக்குக் காட்ட, நிலையத் தலைவர் பலரை வரிசையாக நிறுத்துகிறார். முதலில் நிற்பவர் நாத்திகர். அவருக்கு அடுத்து கத்தோலிக்கக் குரு. இருவரும் தோளோடு தோள் நிற்கிறார்கள்.

அதே தொடரில் 1995இல் வந்த கதையின் தலைப்பிலேயே கெத்சமனி இருக்கிறது. எட்வர்ட் என்ற துறவியிடம், உங்கள் விசுவாசத்தின் உயிர்நாடி எது என்று கேட்கிறார்கள். ஆண்டவர் அந்தத் தோட்டத்தை விட்டுப் போயிருக்கலாம், போகாமல் இருந்தாரே, அதுதான் என்கிறார் அவர். தமக்கு அந்தத் துணிவு இருந்திருக்குமா என்ற கேள்வி அவரை விடுவதில்லை. பிறகு கொடிய உண்மை ஒன்று தெரியவருகிறது. அவர் ஒரு காலத்தில் பலரைக் கொன்றவர். தண்டனையாகப் பழைய நினைவு முழுதும் அழிக்கப்பட்டவர். செத்தவர்களின் உறவினர் பழிவாங்க வருகிறார்கள். எட்வர்ட் ஓடவில்லை, அவர்கள் கையால் இறக்கிறார். அவரைக் கொன்றவனுக்கும் அதே தண்டனை கிடைக்கிறது. நினைவிழந்த அவனை எட்வர்டின் துறவியரே சகோதரனாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். நிலையத்தின் தலைவரோ அவனுக்குக் கைகொடுக்கத் தயங்குகிறார். தயங்கியபின் கொடுக்கிறார்.

நம் ஆண்டவரின் இரக்கத்தை இவ்வளவு அருகில் நின்று பார்த்தவர், கடவுளை நம்பாத ஒருவர்! தூய ஆவியார் யார் நெஞ்சில் வேலை செய்கிறார் என்று நாமா எல்லை வகுப்பது?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். ஒப்புரவு அருளடையாளத்தில் மன்னிப்புப் பெற்றுக்கொள்ளும் நாம், சிறைக்குப் போய்த் திரும்பியவர் கோவிலுக்குள் வந்தால் பக்கத்தில் இடம் விடுகிறோமா? உங்கள் பிள்ளை உங்கள் வாதங்களைக் கேட்காமல் இருக்கலாம். ஆனால் நாம் அவரை நடத்தும் விதத்தை நிச்சயம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிள்ளையோடு வாதாடிக் களைத்த பெற்றோரே, கலங்காதீர்கள். கெத்சமனியில் தூங்கிப்போனவர்கள் நம்பாதவர்களா? ஆண்டவரோடு பந்தியில் அமர்ந்து, உயிரைக் கொடுப்போம் என்று சற்றுமுன் சொன்ன சீடர்களே தூங்கினார்கள். அவர்களை அவர் அங்கேயே விட்டுவிடவில்லை. எழுப்பி, போவோம் வாருங்கள் என்று தம்மோடு சேர்த்துக்கொண்டார். உங்கள் பிள்ளைக்கும் அவரே ஆண்டவர். இந்தத் திருப்பலியில் காணிக்கை ஒப்புக்கொடுக்கும் நேரத்தில், அந்தப் பிள்ளையின் பெயரை மனதுக்குள் சொல்லி அவரிடம் ஒப்படையுங்கள்.