கோளம் ஒன்று, கதிர் ஒன்று

ஏற்கெனவே இருக்கும் ஒன்றை மறுபடி நம் கையால் ஏன் செய்ய வேண்டும்? ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் நிரலான ரே டிரேசரை எழுதிப் பாருங்கள் என்று சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் கேட்பது இதைத்தான். அந்த வேலையைச் செய்யும் பிளெண்டர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நியாயமான கேள்வி. என் பதில் பத்தாம் வகுப்புக் கணக்கில் இருக்கிறது.

இருபடிச் சமன்பாட்டின் தன்மைக்காட்டியை மதிப்பெண்ணுக்காகப் படித்தோம். குறை எண் வந்தால் மெய் மூலம் இல்லை, பூச்சியம் என்றால் சம மூலங்கள், மிகை என்றால் வெவ்வேறு இரண்டு. எழுதினோம், மறந்தோம். ரே டிரேசரில் கண்ணிலிருந்து ஒவ்வொரு பிக்சல் வழியாகவும் ஒரு கதிரை அனுப்புகிறோம். அது கோளத்தில் படுகிறதா என்று பார்க்கப் போனால் அதே சமன்பாடு வந்து நிற்கிறது. குறை எண் என்றால் கதிர் கோளத்தைத் தொடாமலே போய்விட்டது. பூச்சியம் என்றால் விளிம்பை உரசிச் சென்றது. மிகை என்றால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. அருகில் இருக்கும் புள்ளிதான் நமக்குத் தெரிவது. அந்தக் கணக்குக்கு இப்படியொரு உருவம் உண்டென்று எந்தத் தேர்வும் எனக்குக் காட்டவில்லை.

நிழலைத் தனியாக வரைவதே இல்லை. கதிர் பட்ட இடத்திலிருந்து விளக்கை நோக்கி இன்னொரு கதிர். நடுவில் ஏதாவது மறித்தால் அங்கே நிழல். பளபளப்பான பரப்பென்றால் கதிர் எதிரொளித்துப் போய், எதில் படுகிறோம் என்று மறுபடி தேடுகிறது. பெல் ஆய்வகத்தின் டர்னர் விட்டெட் 1980இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான். அதிலுள்ள கோளங்களின் படத்துக்கு அன்றைய கணினி ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது.

முதல் நிழலோடு பெரும்பாலும் கரும்புள்ளிகளும் வரும், கோளமெங்கும். கணினியின் தசம எண்கள் முழுத் துல்லியமானவை அல்ல. பட்ட புள்ளி பரப்புக்கு இம்மியளவு உள்ளே விழுந்துவிட, நிழல் கதிர் தன் கோளத்திலேயே மோதுகிறது. கதிர் புறப்படும் இடத்திலிருந்து 0.001 தள்ளித் தேடச் சொன்னால் புள்ளிகள் மறையும். தயாரான மென்பொருளில் இவை கண்ணில் படுவதே இல்லை. அதனால் எண்களைச் சந்தேகிக்கும் பழக்கமும் வருவதில்லை. நாளை வங்கிக்கோ மருத்துவமனைக்கோ நிரல் எழுதப் போகிறவருக்கு அந்தச் சந்தேகம் அவசியம் என்று நினைக்கிறேன். கையால் செய்து பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிபிஎம் என்ற எளிய படக் கோப்பில் வெறும் எண்களை எழுதினாலே படம் வந்துவிடும். பீட்டர் ஷெர்லியின் 'ரே டிரேசிங் இன் ஒன் வீக்கெண்ட்' நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நல்ல துணை. ஆனால் அதன் நிரலை நகலெடுப்பதற்கு முன், கோளத்தின் சமன்பாட்டை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள்.