ஞாயிறன்று ஆடாதவர்

ரக்பி வீரரின் உலகத் தரத்தை வேகத்தாலும் வலிமையாலும் அளக்கப் பழகியிருக்கிறோம். நியூசிலாந்தின் மைக்கேல் ஜோன்ஸ் அவற்றில் எவருக்கும் குறைந்தவரல்லர். 1987 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ‘டிரை’ அடித்தவர். ஆயினும் ஆண்டவரின் நாளில் அவர் ஆட மறுத்தார். அவ்வாண்டின் அரையிறுதி ஞாயிறன்று அமைந்தது. அவரின்றியே அணி வென்றது. 1991 அரையிறுதியும் ஞாயிறன்றுதான். டப்ளினில் ஆஸ்திரேலியாவிடம் 6–16 எனத் தோற்றார்கள். 1995இல் அவரை அணியில் சேர்க்கவேயில்லை.

திருப்பலிக்குப்பின் விளையாடுவதை நம் திருச்சபை தடுப்பதில்லை; அது வேறு. ஒருவரது மனச்சான்றுக்காகத் தோழர்கள் விலை கொடுப்பது முறையா? எளிய கேள்வியன்று. ஆனால் அவர் தம் மறுப்பை மறைத்ததில்லை. ஆடமாட்டார் என்றறிந்தே 1991இல் அவரைத் தேர்ந்தார்கள். அதை நாம் பெரிதாக எண்ணுகிறோம். அத்தொடரின் தொடக்க ஆட்டம் வியாழனன்று நடந்தது. இங்கிலாந்துக்கு எதிரான அவ்வாட்டத்தின் ஒரே டிரை அவருடையது.