வலியும் தேதியும்

விலக்கு நெருங்கும் நாட்களில் மார்பு கனத்துப்போகிறது. படியிறங்கினால் வலி. கொடியில் துணி போடக் கையை உயர்த்தினால் அக்குள் வரை இழுக்கிறது. உதிரம் கண்டதும் வடிந்துவிடுகிறது. பெண்களில் 10 பேருக்கு 7 பேர் வரை வாழ்நாளில் எப்போதாவது மார்பு வலியை அறிந்தவர்கள். அதில் பெரும்பங்கு இப்படி மாதாமாதம் வந்து போவதுதான். வலி போய்விடும். புற்றாக இருக்குமோ என்ற பயம் மட்டும் தங்கிவிடும். அதை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் எத்தனை பேர் சுமக்கிறார்கள்!

*

பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 1970களில் மார்பு வலிக்கென்றே ஒரு தனிப் பிரிவு இயங்கியது. வருகிறவர்களிடம் ஓர் அட்டவணையைக் கொடுத்தார்கள். இன்று வலி கடுமையா, லேசா, இல்லையா என்று தினமும் கட்டத்தில் குறிக்க வேண்டும். விலக்கான நாளையும் சேர்த்து. இரண்டு மூன்று மாதத்தில் வலியின் போக்கு தாளில் தெரிந்துவிடும். பரிசோதித்து, புற்று இல்லை என்று தெளிவாகச் சொன்னதுமே பெரும்பாலோருக்கு மருந்து தேவைப்படவில்லை. எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. ஒருவர் உட்காரவைத்துக் கேட்டு, பார்த்து, பதில் சொல்லியிருக்கிறார்.

*

மாதாமாதம் வரும் இந்த வலிக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஏற்கெனவே தீங்கில்லாத மார்புக் கோளாறு இருந்த சுமார் 250 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. மூன்று ஆண்டுக்கு மேல் இந்த வலி நீடித்தவர்களிடம் புற்றுநோய் கூடுதலாகக் கண்டது அது. 2002இல் வந்த அமெரிக்க ஆய்வோ, வலியோடு வந்தவர்களிடம் புற்று குறைவு என்றது. ஹார்மோனுக்கு அதிகம் கூசும் திசுவுக்கு ஆபத்தும் அதிகமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து ஒரு பெண்ணை மாதந்தோறும் நடுங்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

*

“கட்டிதான், ஆனா வலிக்கலையே.” நம் வீடுகளில் இந்தச் சமாதானத்தைக் கேட்கும்போதுதான் எனக்குப் பதறுகிறது. மார்பில் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கட்டும், பிறகு போகலாம் என்று இருந்துவிடுகிறார்கள். தோல் குழிந்தாலோ, காம்பு உள்ளிழுத்தாலோ, இரத்தம் கசிந்தாலோ தாமதிக்கக் கூடாது. ஒரே மார்பில், ஒரே இடத்தில், விலக்கு வந்தும் அடங்காத வலியையும் காட்டிவிட வேண்டும். விலக்கு நின்ற பிறகு புதிதாக வரும் வலியும் அப்படித்தான்.